எல்லோருமே நல்ல மதிப்பெண் வைத்திருக்கும்போது, மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் நான் மட்டும் எப்படித் தனியாகத் தெரிவது?

கேட்டிருப்பவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கப் போகிறார். கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.8, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 516, ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு வருடம், மருத்துவமனையில் வாலண்டியர் வேலை என்று எல்லாம் இருக்கிறது. "என்னை மாதிரியே ஆயிரம் பேர் இருப்பார்களே" என்பதுதான் கவலை.

இருப்பார்கள். 2023-இல் விண்ணப்பித்தவர்கள் 52 ஆயிரத்துக்கும் மேல், சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 23 ஆயிரம். சேர்ந்தவர்களின் சராசரியே எம்கேட் 511.7, ஜிபிஏ 3.77. உங்கள் மதிப்பெண், சேர்க்கைக் குழுவை உங்கள் விண்ணப்பக் கோப்பைத் திறந்து படிக்க வைக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். 516-ஐ 519 ஆக்க மறுபடியும் தேர்வு எழுதலாமா என்ற யோசனை இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் இரண்டு முறை விண்ணப்பித்தவள். முதல் முறை ஒரு இடத்திலிருந்தும் நேர்காணல் அழைப்புகூட வரவில்லை. பிறகு இடம் கிடைத்து, கடைசி வருடத்தில் சேர்க்கைக் குழுவில் மாணவ உறுப்பினராக உட்கார்ந்து மற்றவர்களின் கோப்புகளைப் படித்தேன். என் முதல் விண்ணப்பம் ஏன் தோற்றது என்பது அங்கேதான் உறைத்தது.

ஒரு கோப்புக்கு எனக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்குப் பிறகு கூட்டத்தில் அதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். "யார் இவர்?" என்று கேட்பார்கள். சில கோப்புகளுக்கு "நல்ல மாணவர், எல்லாம் இருக்கிறது" என்பதைத் தாண்டி எனக்கு வாயில் ஒன்றும் வராது. ஒரு நொடி அமைதி, அடுத்த கோப்பு. இன்னொன்றுக்கு, "நாலு வருடமாக ஒரே குளத்தில் எழுபது வயதுக்காரர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த பெண்" என்று ஆரம்பித்தேன். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் கேட்க ஒரு கேள்வி இருந்தது. நீச்சலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆகவே யாரிடமும் இல்லாத சாதனையைத் தேடி ஓட வேண்டாம். உங்களை அறியாத ஒருவர், நீங்கள் இல்லாத அறையில், உங்களுக்காகப் பேச வேண்டியிருக்கிறது. அவர் கையில் சொல்வதற்கு எதையாவது கொடுங்கள்.

எங்கே கொடுப்பது? பலர் 5,300 எழுத்துக்குள் அடக்க வேண்டிய தன்விளக்கக் கட்டுரையிலேயே உயிரை விடுகிறார்கள். பாட்டியின் மரணம், சிறுவயதில் உடைந்த கை, "அன்றே முடிவு செய்தேன்". நானும் பாட்டியைத்தான் எழுதினேன். என் சோகம் உண்மைதான். ஆனால் அன்று அந்த அடுக்கில் என் பாட்டியோடு இன்னும் எத்தனை பாட்டிகள் இருந்திருப்பார்கள்! என் அனுபவத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது செயல்பாடுகள் பகுதி. ஏஎம்காஸ் என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் அதிகபட்சம் 15 பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அதில் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்தால் அவற்றுக்குக் கூடுதலாக 1,325 எழுத்து. பதினைந்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு மணி நேரம் கலந்துகொண்ட ரத்ததான முகாமை எழுதுவது உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

என் பதிவையே காட்டுகிறேன். மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து அறையிலிருந்து ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வாலண்டியர் வேலை எனக்கு. முதல் முறை எழுதியது: "பலதரப்பட்ட நோயாளிகளுடன் பழகி, கனிவையும் குழுவாக இயங்குவதையும் கற்றேன்." இந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், வேலையே பார்க்காதவர்கூட.

இரண்டாவது முறை இப்படி எழுதினேன்: லிஃப்ட்டுக்குள் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டுதான் நுழைவோம், நோயாளி சுவரைப் பார்த்து உட்காராமல் கதவைப் பார்த்து இருப்பதற்காக. அந்த ஓரிரு நிமிடத்தில், மருத்துவரிடம் கேட்காததையெல்லாம் என்னிடம் கேட்பார்கள். வலிக்குமா, முதலில் பாத்ரூம் போகலாமா என்று. ஒரு பெரியவர், "காலையில் டாக்டர் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்" என்றார். காதுக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்ததும் நர்ஸிடம் சொன்னேன்; ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அவ்வளவுதான் பதிவு. கனிவு என்ற வார்த்தையே அதில் கிடையாது.

வேலை அதேதான். இடையில் அதை விடாமல் இன்னொரு வருடம் செய்திருந்தேன், அது ஒன்றுதான் வித்தியாசம். (நேர்காணலில் ஒரு மூத்த மருத்துவர் லிஃப்ட் கதையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. அவரும் மாணவராக இருந்தபோது நாற்காலி தள்ளியவராம்.)

ஒன்று ஜாக்கிரதை. விடுமுறையில் வேறு நாட்டுக்குப் போய், தையல் போட்டேன், பிரசவத்துக்கு உதவினேன் என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி இல்லாத ஒருவர் நோயாளியின் உடம்பில் கைவைத்தார் என்றுதான் குழுவில் அதைப் படிப்பார்கள். பார்த்தது, தூக்கிக் கொடுத்தது, எழுதி வைத்தது போதும்.

பரிந்துரைக் கடிதம். முன்னூறு பேர் வகுப்பில் உங்களுக்கு ஏ போட்ட பேராசிரியர் எழுதினால், "இவர் ஏ வாங்கினார்" என்று எழுதுவார். அது மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் சோதனையைக் கெடுத்துவிட்டு மறுநாள் காலை வந்து திரும்பச் செய்ததைப் பார்த்தவரிடம் கேளுங்கள். கேட்கும்போதே "வலுவான கடிதமாக எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள், முகத்தில் தயக்கம் தெரிந்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

கல்லூரிப் பட்டியலிலும் கொஞ்சம் மூளையைச் செலவழியுங்கள். யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் மருத்துவக் கல்லூரி வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ என்று ஐந்து மாநிலங்களுக்கு மருத்துவர்களை உருவாக்குகிறது. அந்தப் பக்கம் எந்த வேரும் இல்லாமல் அனுப்பினால் பணம்தான் போகும். கிளீவ்லண்டில் உள்ள லெர்னர் கல்லூரியோ ஆராய்ச்சி செய்யும் மருத்துவர்களுக்கென்றே அமைந்த ஐந்து வருடப் படிப்பு. உங்கள் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அங்கே ஒரு அர்த்தம் உண்டு. கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் கட்டுரைக்கு இரண்டுக்கும் ஒரே பதிலை அனுப்பினால், பத்தோடு பதினொன்று என்று நீங்களே முத்திரை குத்திக்கொண்டது போல.

தேதி விஷயத்தில் சோம்பல் கூடாது. பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வர நேர்காணலுக்கு அழைத்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். படிவம் மே மாதம் திறக்கும், மாத இறுதியில் அனுப்பத் தொடங்கலாம். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்க அவர்களுக்கே சில வாரம் பிடிக்கும். முதல் முறை நான் ஆகஸ்ட் கடைசியில் அனுப்பினேன். கடைசித் தேதிக்குள்தானே இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அனுப்புவதற்கு முன், உங்களைத் தெரியாத ஒருவரிடம் செயல்பாடுகள் பகுதியை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மறுநாள் கூப்பிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். "நன்றாக இருந்தது" என்றால் மறுபடி எழுதுங்கள்.