ஒரு முழத்தில் சுக்கான் பாறை: மேய்ச்சல் நிலத்தை என்ன செய்வது?

கேள்வி: ஆண்டுக்கு 400 முதல் 450 மி.மீ. வரை மழை பெறும் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் வேலிக்கால் நடக் குழி தோண்டியபோது, ஏறக்குறைய 40 செ.மீ. ஆழத்தில் கடப்பாரை முனை மழுங்கும் அளவுக்குக் கெட்டியான வெள்ளைப் பாறை தட்டுப்பட்டது. புல்டோசரில் உளிக்கலப்பை பூட்டி நிலம் முழுவதும் பிளந்துவிட வேண்டும் என்கிறார் ஒருவர். ஜிப்சம் இட்டால் அது தானே இளகிவிடும் என்கிறார் இன்னொருவர். மழை பெய்ததும் புல் விறுவிறுவென்று வளர்கிறது, பத்துப் பதினைந்து நாளில் வாடிவிடுகிறது. எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள் என்பதே என் விடை. எனினும் உங்கள் கடப்பாரையில் தட்டுப்பட்டது சுக்கான் பாறைதானா, அதாவது மண்ணுக்குள் சுண்ணாம்பு படிந்து இறுகிய பாறைதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் மண்ணுக்குள் கெட்டியாக இருப்பதெல்லாம் சுண்ணாம்பினால் இறுகியதல்ல. கைப்பிடி அளவுள்ள ஒரு துண்டை நன்றாக வெயிலில் காயவைத்து, ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப் போடுங்கள். மாட்டின் குளம்பும் டிராக்டர் சக்கரமும் மிதித்து இறுகிய மண்ணாக இருந்தால் காலையில் வாளியின் அடியில் சேறுதான் கிடக்கும். சுக்கான் பாறை போட்டபடியே கிடக்கும். பிறகு அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும். அமிலம் கிடைக்காவிட்டால் துண்டைப் பொடித்து வினிகரை ஊற்றினாலும் போதும், பொங்குவது சற்று மெதுவாக இருக்கும். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தும் கரையாமல் நிற்கிறது என்றால் அதை இறுக்கியிருப்பது சிலிக்கா. அது வேறு கதை.

சுக்கான் உருவாகும் விதம் தெரிந்தால் மற்ற விடைகள் தாமே விளங்கும். மழை நீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, மேல்மண்ணில் உள்ள சுண்ணாம்பையும் காற்று கொண்டுவந்து போட்ட தூசியிலுள்ள சுண்ணாம்பையும் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துக் கீழே எடுத்துச் செல்கிறது. மழை மிகுந்த இடங்களில் இந்தக் கரைசல் நிலத்தடி நீர் வரை போய்விடும். வறண்ட இடங்களிலோ நீர் பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. வேர்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது. ஒருவகையில், அந்த வெள்ளை அடுக்கு இருக்கும் ஆழம் என்பது பல்லாயிரம் ஆண்டுகளாக மழை நீர் வழக்கமாக எட்டிய ஆழத்தின் அடையாளம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பாலைநில மண்ணை ஆராய்ந்த கைலும் அவருடைய தோழர்களும் 1966-ல் இந்த வளர்ச்சியை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். முதலில் கூழாங்கற்களின் மேல் வெள்ளைப் பூச்சும் மண்ணில் மெல்லிய இழைகளும் தோன்றுகின்றன; அடுத்து முடிச்சுகள் திரள்கின்றன; மூன்றாவதில் மண்ணின் துளைகள் எல்லாம் அடைபட்டுப் போகின்றன; அடைபட்ட பிறகு வரும் நீர் இறங்க வழியின்றி மேலேயே தேங்கி உலர்வதால், நான்காவதாகக் காகிதம் காகிதமாக அடுக்கிய மூடி போன்ற ஓடு உண்டாகிறது. நீங்கள் பெயர்த்த துண்டின் மேற்புறம் வழவழப்பாகவும், உடைத்த விளிம்பில் மெல்லிய வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் தெரிந்தால் உங்கள் நிலம் அந்த நான்காம் நிலைக்கு வந்துவிட்டது. சரளை மண்ணில் நிரப்ப வேண்டிய இடைவெளி குறைவு என்பதால் இது சற்று விரைவில் நிகழும். விரைவு என்றாலும் கணக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில்தான்.

இப்போது ஜிப்சத்துக்கு வருவோம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். சோடியம் மிகுந்த களர் மண்ணில் அந்தச் சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் தேவைப்படுகிறது, அங்கே ஜிப்சம் நன்றாக வேலை செய்யும். உங்கள் மண்ணில் கால்சியம் ஏற்கெனவே பாறையாகக் கிடக்கிறது. அதன் மேல் மேலும் கால்சியத்தைப் போடுவதில் பொருளே இல்லை. மண்ணின் அமில கார நிலையை (pH) அளந்து பாருங்கள்: வெறும் சுண்ணாம்பு மட்டும் என்றால் அது பெரும்பாலும் 7.8 முதல் 8.4-க்குள் நிற்கும். 8.5-ஐத் தாண்டினால் மட்டும் சோடியத்தைச் சந்தேகித்து, ஜிப்சத்தைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.

கந்தகம் இட்டால் அது மண்ணில் அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்குமே என்று சிலர் கேட்பார்கள். வேதியியல் சரிதான், கணக்குதான் கட்டுப்படியாகாது. 20 செ.மீ. கனமுள்ள அடுக்கு ஒரு ஹெக்டேரில் 2,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1.8 டன் என்று கொண்டால் 3,600 டன்; அதில் 60 சதவீதம் சுண்ணாம்பு என்றால் ஏறக்குறைய 2,160 டன். ஒவ்வொரு 100 டன் கால்சியம் கார்பனேட்டுக்கும் 32 டன் கந்தகம் வேண்டும் என்பதால், ஒரே ஹெக்டேருக்குச் சுமார் 700 டன் கந்தகம் தேவைப்படும். இதற்கு மேல் இந்த யோசனையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

உளிக்கலப்பை அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. அடுக்கு மெல்லியதாக இருந்து, அதன் கீழே மென்மையான மண் இருந்து, நிலம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பிளந்தால் பாறை நொறுங்கும். நொறுங்கியது நம் காலத்தில் மறுபடி ஒட்டவும் ஒட்டாது. பாசன வசதியோடு பழத்தோட்டம் போடுபவருக்கு அந்தச் செலவு நியாயமாக இருக்கலாம். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் நடப்பது வேறு: வேரூன்றி நிற்கும் பல்லாண்டுப் புல் முழுவதும் பெயர்ந்துபோகிறது, சுண்ணாம்புக் கட்டிகள் மேலே வந்து நல்ல மண்ணோடு கலக்கின்றன, திறந்து கிடக்கும் மண்ணை அடுத்த காற்றும் அடுத்த பெருமழையும் கொண்டுபோகின்றன. 400 மி.மீ. மழையை நம்பி விதைத்த புல் முதல் ஆண்டிலேயே பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருக்கும் புல்லை அழித்து இல்லாத புல்லுக்குக் காத்திருக்கும் இந்த வேலையை நான் எவருக்கும் பரிந்துரைத்ததில்லை.

உங்கள் புல் ஏன் இரண்டு வாரத்தில் வாடுகிறது என்பதற்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. மணலோடு ஓரளவு களியும் கலந்த மண் 10 செ.மீ. ஆழத்துக்கு 10 முதல் 12 மி.மீ. வரை பயிருக்குப் பயன்படும் நீரைத் தேக்கும் என்று கொண்டால், 40 செ.மீ. மண்ணில் தேங்குவது 40 முதல் 50 மி.மீ. மட்டுமே. பசுமையாக நிற்கும் புல்வெளியும் வெயிலும் சேர்ந்து நாளுக்கு 4 மி.மீ. எடுத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். நீங்கள் கண்டதும் அதைத்தான். இதில் 5 செ.மீ. மேல்மண் அரித்துக்கொண்டு போனால் சேமிப்பில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆழமான மண்ணில் இதே 5 செ.மீ. இழப்பு கண்ணுக்கே தெரியாது.

பாறையை வெறும் தடையாகவே பார்ப்பதும் தவறு. நியூ மெக்சிகோவில் 1912 முதல் இயங்கிவரும் ஹோர்னாடா ஆய்வு மேய்ச்சல் நிலத்தில் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு, இறுகிய சுண்ணாம்பு அடுக்கும் மழைக்காலத்தில் கணிசமான நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்றும், அதில் ஒரு பகுதி செடிகளுக்கு எட்டக்கூடியது என்றும் காட்டியது. அடைபட்ட பாறையிலும் நுண்துளைகள் இருப்பதே காரணம். மேல்மண் வறண்ட பிறகும் சில புதர்கள் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வேர்கள் விரிசல்களிலும் பாறையின் மேல்முகத்திலும் மெல்லிய வலை போலப் படர்ந்திருக்கும்.

ஆகவே உங்கள் பணத்தையும் உழைப்பையும் மேல்மண்ணில் போடுங்கள். நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, முனை கூர்மையான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு இருபத்தைந்து அடிக்கு ஒரு முறை நிலத்தில் குத்தி, எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். நிலம் முழுவதும் 40 செ.மீ. தான் என்று நீங்கள் நினைத்திருந்தால் வியப்பு காத்திருக்கிறது: ஓரிடத்தில் 15, பத்தடி தள்ளி 70, நடுவே கம்பி முழுதும் இறங்கிவிடும் குழாய் போன்ற பள்ளங்கள் என்று ஆழம் ஏறி இறங்கும். எறும்பும் எலியும் வெளியே தள்ளிய மண்ணில் வெள்ளைச் சில்லுகள் கிடந்தால் அங்கே பாறை மிக அருகில் என்று பொருள்.

அந்தத் தாளே உங்கள் மேய்ச்சல் திட்டம். 20 செ.மீ.க்குக் குறைவான திட்டுகளை மழைக்குப் பின் புல் ஒரு சாண் உயரம் வளர்ந்து பூக்கும் வரை மந்தை தொடாமல் வேலியிட்டோ விரட்டியோ காக்க வேண்டும். மற்ற இடங்களிலும் ஓராண்டு விளைந்த புல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேய விடாமல், எஞ்சியதை மண்ணுக்குப் போர்வையாக விட்டுவிடுவது நல்லது. குடிநீர்த் தொட்டியையும் கிடையையும் மண் ஆழமாக உள்ள இடத்தில் வையுங்கள், ஏனெனில் மிதிபடும் இடம் அதுதான். சரிவு இருந்தால், ஏற்கெனவே வெளியே கிடக்கும் சுக்கான் கற்களைச் சமமட்டக் கோட்டில் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக வரிசையாக அடுக்கிவிட்டால், ஓடும் நீர் நின்று மண்ணைப் படியவிட்டுப் போகும். அதற்கென்று வாய்க்கால் வெட்ட வேண்டாம்.

மரம் வைக்க விரும்பினால் அங்கே மட்டும் பாறையை உடைப்பதில் எனக்கு மறுப்பில்லை. கம்பி ஆழமாக இறங்கிய இடங்களையே தேர்ந்தெடுங்கள். மற்ற இடங்களில் குழி பாறையின் அடிவரை துளைத்து மென்மையான மண்ணைத் தொட வேண்டும். பாதியில் நிறுத்திய குழி அடியில் ஓட்டையில்லாத பூந்தொட்டியாகி வேரை அழுகவைக்கும். குழியைத் தண்ணீரால் நிரப்பி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். நீர் நின்றால் இன்னும் துளைக்க வேண்டும். மூடும்போது மேல்மண்ணைப் போடுங்கள், வெட்டியெடுத்த வெள்ளைச் சில்லுகளைப் போடாதீர்கள். போட்டால் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளித்துப் போகும். அது இரும்புச் சத்துக் குறை. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் இடுவதால் பயன் குறைவு, அரை சதவீதக் கரைசலை இலையில் தெளிக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சுண்ணாம்பு மிகுந்த மண் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் பூட்டி வைத்துக்கொள்வதால், அதில் விளையும் புல்லிலும் அவை குறைவாகவே இருக்கும். உங்கள் மாடுகள் எலும்பையும் துணியையும் கடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் மணிச்சத்துக் குறையைச் சந்தேகியுங்கள். நிலம் முழுவதும் உரம் இறைப்பதைவிட, மணிச்சத்தும் துத்தநாகமும் கலந்த தாது உப்புக் கட்டியைக் குடிநீர்த் தொட்டிக்கு அருகே தொங்கவிடுவது குறைந்த செலவில் நேராக மாட்டுக்கே போய்ச் சேரும்.