317/850 என்று எழுதியிருந்தால் அது அசல் ஓவியமா?

கேள்வி: சவுத்ஹாம்ப்டனில் வசிக்கிறேன். ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்ற இடத்தில், ஃப்ரேம் போட்ட 'குயின் மேரி' கப்பல் படம் ஒன்றை 60 பவுண்டுக்கு வாங்கினேன். படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலில் கையெழுத்தும் 317/850 என்ற எண்ணும் உள்ளன. ஆன்லைனில் போட்டதும் ஒருவர் அழைத்து, "இது 1936-இல் வரைந்த அசல், 4,000 பவுண்டு போகும், சான்றிதழுக்கும் விற்பனைப் பட்டியலில் சேர்க்கவும் 180 பவுண்டு முதலில் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா? இதைச் சிறு பிரதிகளாக அச்சடித்து விற்கலாமா என்றும் மனைவி கேட்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். அவர் சொன்னது பொய் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. 850 பிரதிகள் அச்சடித்து, ஓவியர் ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். உங்களிடம் இருப்பது 317 என்று எண்ணிட்ட பிரதி. வரைந்த ஓவியத்தில் இப்படி யாரும் எண் போடுவதில்லை. "சின்ன எண் என்றால் விலை கூடும்" என்று இன்னொருவர் வந்து சொல்வார், அதையும் நம்பாதீர்கள். அச்சான வரிசையில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றில்லை. ஆஃப்செட் அச்சில் (புத்தகம், காலண்டர் அடிக்கும் இயந்திர அச்சு) முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமும் இருக்காது. 850 என்பதுகூட முழுக் கணக்கு அல்ல. 'ஏ.பி.' என்று குறித்த ஓவியர் பிரதிகள் வழக்கமாக அதற்கு வெளியே தனியாக இருக்கும்.

என் வார்த்தையையும் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அதற்குப் படத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஃபோகஸ் கிடைக்கும் என்பதால், ஃப்ரேமைப் பிரிக்காமல் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். முதலில் வெளிர் வானத்தைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வட்டமாக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் அச்சு. வட்டம் இல்லாமல் நுண்துளிகள் தூவினாற்போல் இருந்தால் இங்க்ஜெட். பிறகு கப்பலின் புகைபோக்கிக்கு வாருங்கள். குயின் மேரியின் கம்பெனியான க்யூனார்டின் கப்பல்களுக்கே உரிய ஆரஞ்சு கலந்த சிவப்பு, மேலே கறுப்புப் பட்டையைத் தொடும் கோடு இருக்கிறதே, அங்கே கையால் வரைந்ததில் ஒரு பெயின்ட் இன்னொன்றின் மேல் ஏறி மெல்லிய விளிம்பு தெரியும். அச்சில் இரண்டு நிறமும் ஒரே சமதளத்தில் கிடக்கும்.

இதைவிட எளிய சோதனை கொடிமரக் கயிறுகள். கப்பல் படம் வரைகிறவர்கள் வானத்தை முடித்த பிறகுதான் அந்த மெல்லிய கயிறுகளை இழுப்பார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வரைந்த கயிறு நூலளவு மேடாக நின்று நிழல் விடும். அச்சடித்த கயிறு விடாது.

'1936' என்ற கதைக்கு இன்னொரு சோதனை. படத்தைச் சுற்றியிருக்கும் மவுண்ட் அட்டையை விட்டு, கையெழுத்து இருக்கும் படத்தாளின் மேல் யூவி டார்ச் அடியுங்கள். தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது தாள்களில் பரவலாக வந்தது 1950 வாக்கில்தான். குயின் மேரி முதல் பயணம் கிளம்பியது 27 மே 1936. கப்பலுக்கு இருக்கும் தேதியை எடுத்துப் படத்துக்குச் சூட்டிவிடுவது இந்தத் தரகர்களின் பழைய வேலை. (ஒளிராவிட்டால் மட்டும் பழையது என்று ஆகிவிடாது. நல்ல பருத்தித் தாள் இன்றும் ஒளிராது.)

உங்களுடையது தாளில் இருப்பது ஒரு நிம்மதி. அடுத்த முறை கேன்வாஸில் ஒன்றைக் காட்டுவார்கள், தடவிப் பார்த்தால் தூரிகைத் தடம் கைக்குத் தட்டும். அதுதான் பெரிய பொறி. இங்க்ஜெட்டில் அச்சடித்த கேன்வாஸின் மேல் தெளிவான ஜெல்லைத் தூரிகையால் பூசிவிடுகிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தடங்களைப் பின்தொடர்ந்து போங்கள். கப்பலின் உடல் ஒரு திசையில் போக, ஜெல் தடம் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வானத்துக்குள் போகும். வரைந்தவர் தூரிகை அப்படிப் போகாது. இந்த வகை அச்சு 1990-க்கு முன்னால் சந்தையிலேயே இல்லை.

அச்சு என்றாலே மதிப்பில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. கப்பல் கம்பெனிகள் பயணிகளைப் பிடிக்க அந்தக் காலத்திலேயே அச்சடித்து ஒட்டிய லித்தோகிராஃப் (கல்லிலோ தகட்டிலோ வரைந்து அச்சடிக்கும் முறை) போஸ்டர்கள் தனி ரகம். க்யூனார்டுக்கு ஓவியர் ஓடின் ரோசன்விங்க வரைந்தவை, 1935-இல் 'நார்மண்டி' என்ற பிரெஞ்சுக் கப்பலுக்கு ஓவியர் கசாந்த்ர வரைந்த, கப்பலின் மூக்கு நேரெதிரே தெரியும் படம், இவற்றின் அசல் போஸ்டர்களுக்கு நல்ல விலை உண்டு. நார்மண்டி போஸ்டரின் அடியில் உங்கள் ஊர்ப் பெயரும் இருக்கும்: லு ஆவ்ர், சவுத்ஹாம்ப்டன், நியூயார்க். ஆனால் அதே படத்தை இன்றும் லட்சணமாக மறுஅச்சு போட்டு விற்கிறார்கள் என்பதால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். லென்ஸில் பாருங்கள்: அசல் லித்தோவில் பூ வட்டம் இருக்காது, மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாத பொடி தெரியும், தட்டையான இடங்களில் ஒவ்வொரு நிறமும் தனி மையாக, புள்ளியே இல்லாமல் நிரம்பியிருக்கும். பூ வட்டம் தெரிந்தால் மறுஅச்சு, பேச்சே இல்லை. அளவையும் எடுங்கள். பிரிட்டிஷ் போஸ்டர்களில் 25-க்கு 40 அங்குலம் வழக்கமான அளவு. மறுஅச்சு பெரும்பாலும் கடையில் கிடைக்கும் ஃப்ரேமுக்குப் பொருந்துகிற 50-க்கு 70 சென்டிமீட்டரில் வரும். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துணியில் ஒட்டியிருப்பதைக் காட்டி "அந்தக் காலத்துது" என்பார்கள். துணி ஒட்டுவது தாளைக் காப்பாற்றப் பின்னால் செய்யும் வேலை, நேற்றுகூட ஒட்டியிருக்கலாம். உங்கள் படத்தில் பென்சில் எண் இருப்பதால் அது இந்த ரகமும் அல்ல.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டோரம் பர்கர் விற்கக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 'அசல் ஓவியம்' என்று பொன் எழுத்தில் சான்றிதழ் அடித்துக் கொடுக்க இந்த நாட்டில் ஒரு உரிமமும் வேண்டாம்! ஏல நிறுவனத்தில் அதைக் காட்டினால் ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைத்தான் பார்ப்பார்கள். 180 பவுண்டு கட்டிய பிறகு "வாங்க ஆள் ரெடி, இன்ஷூரன்ஸுக்கு இன்னும் கொஞ்சம்" என்று அடுத்த அழைப்பு வரும். விற்கும் முன் உங்கள் கையிலிருந்து பணம் கேட்பவரோடு பேச்சை நிறுத்துங்கள். கப்பலிலேயே மாட்டியிருந்த படம் என்பவர்களுக்கும் இதே மரியாதைதான். எந்த அறை, எப்போது இறக்கினார்கள், யார் கை மாறியது என்று தாளில் காட்டச் சொல்லுங்கள்.

கடல்சார் பொருட்களுக்கென்று தனி ஏலம் நடத்தும் இரண்டு நிறுவனங்களுக்கு நான்கு புகைப்படம் அனுப்புங்கள்: முழுப் படம், கையெழுத்தும் எண்ணும், பின்பக்கம், லென்ஸ் வழியாக வானம். புகைப்படத்தைப் பார்த்து மதிப்புச் சொல்லப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. கமிஷன் எத்தனை சதவீதம், புகைப்படக் கட்டணம் உண்டா, விற்காவிட்டால் என்ன பிடிப்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஓவியர் உயிரோடு இருந்தால் அவருக்கோ பதிப்பாளருக்கோ எண்ணைச் சொல்லி எழுதுங்கள், செலவில்லாத உறுதி அது.

விலையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இந்த வகைப் பிரதிகள் பெரும்பாலும் சில பத்து பவுண்டுக்கே போகின்றன. வெயில் பட்டிருந்தால் இன்னும் குறையும். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். புகைபோக்கி சோகை பிடித்து, படம் முழுக்க நீலம் ஏறியிருந்தால் அதுதான் காரணம். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை நேராக ஃப்ரேமின் மேல் அடிக்காதீர்கள். ஓரத்தில் கசிந்து மவுண்டுக்குள் இறங்கிவிடும்.

மனைவியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படத்தை வாங்கியதால் பதிப்புரிமை உங்களுக்கு வருவதில்லை. அசலையே வாங்கியிருந்தாலும் வராது. பிரிட்டனில் ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை அந்த உரிமை நீடிக்கும். டைட்டானிக்கின் முதல் வகுப்புப் புகையறைக்கு ஓவியம் வரைந்த நார்மன் வில்கின்சன் 1971-இல் இறந்தார். அவர் படங்களுக்கே 2041 முடியும்வரை உரிமை உண்டு. உங்கள் பிரதியை விற்பதற்காக விளம்பரத்தில் அதன் புகைப்படத்தைப் போடலாம், அதற்குத் தடையில்லை.