மழை வந்தால் டிவி ஏன் போகிறது? ஊர் டிஷ்ஷை எடுத்து வரலாமா?

தம்பி, அடுத்த மாதம் மலேசியாவில் கிள்ளானுக்கு வேலைக்கு வருகிறீர்கள், அம்மாவும் கூட வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு டிவி இல்லாமல் பொழுது போகாது, ஊரில் இருக்கிற டிஷ்ஷையும் பெட்டியையும் கழற்றிக் கொண்டு வரலாமா, மழைக்கு இங்கே டிவி நின்றுவிடும் என்கிறார்களே அது உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள். 26 வருடமாக இங்கே இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊர் டிஷ் வேண்டாம். இத்தனைக்கும் மலேசியாவின் மீசாட் செயற்கைக்கோள்கள் நம் ஊருக்கு அந்நியமில்லை. 2010-இல் இன்சாட் 4பி என்ற இந்தியச் செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு வந்தபோது சன் டைரக்ட் மாறியது மீசாட் 3-க்குத்தான். 2022 ஜூனில் பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஒரே ஏரியான் ராக்கெட்டில்தான் மலேசியாவின் மீசாட் 3டி-யும் இந்தியாவின் ஜிசாட் 24-உம் சேர்ந்து போயின. ஆனால் கோள் ஒன்றாக இருந்தாலும் அது கீழே அனுப்பும் அலைக்கற்றை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவை நோக்கிய கற்றை இங்கே சின்ன டிஷ்ஷுக்கு எட்டாது. பெட்டியில் இருக்கிற கார்டும் இங்கே உதவாது. விமானத்தில் அந்த எடைக்கு அம்மாவின் இட்லிப் பானையைக் கொண்டு வாருங்கள்.

மழை விஷயம் உண்மைதான். இங்கே வீட்டு டிஷ்ஷுக்கு வருவது 'கேயூ' அலை. அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். பெரிய மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். தூறலுக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வானம் கருத்து, இடியோடு கொட்டும் பாருங்கள், அப்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்று போகும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் தானாகவே திரும்பி வந்துவிடும். அதுவரை டிஷ்ஷைத் தொடவே கூடாது. முதல் வருடம் நான் மழை விட்டதும் ஏணி போட்டு ஏறித் திருப்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் வெயிலிலும் படம் வரவில்லை.

இங்கே டிவி அனுப்பும் மீசாட் கோள் நிற்பது 91.5 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கோலாலம்பூர், கிள்ளான் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலே, மேற்கே கொஞ்சம் சாய்ந்து இருக்கும். வீடு பார்க்கும்போதே அந்தத் திசையில் மரமோ உயரமான கட்டடமோ மறைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் முதலில் குடியிருந்த தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் வளர்ந்து வளர்ந்து எங்கள் படத்தை மறைத்துவிட்டது. காரணம் புரியவே ஒரு மாதம் ஆனது. கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் பால்கனியில் டிஷ் மாட்ட நிர்வாகம் விடுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

எதை வாங்குவது? இங்கே டிஷ் டிவி சேவை தரும் அஸ்ட்ரோ மாதக் கட்டணத்தில் கிடைக்கிறது. இணையம் வழியாகவும் எடுக்கலாம், அதற்கு மழைத் தொல்லை இல்லை. 2012-இல் வந்த அஸ்ட்ரோவின் என்ஜாய் என்ற பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆரம்பத்தில் அதுவே போதும் என்பது என் எண்ணம். சாதாரண ஆண்டெனாவில் வரும் அரசு சானல்கள் இலவசம். பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு நின்றுவிட்டதால் டிஜிட்டல் வசதி உள்ள டிவியாகப் பார்த்து வாங்குங்கள். டிவி2-இல் தமிழ்ச் செய்தி வரும்.

ஆனால் அம்மாவுக்கு முதலில் ரேடியோ வாங்கிக் கொடுங்கள். மின்னல் எஃப்எம் அரசாங்கத்தின் தமிழ் வானொலி. பழையவர்கள் இன்னும் ரேடியோ 6 என்றே சொல்வார்கள். ஊர் சீரியலையே பார்த்துக்கொண்டிருந்தால் அம்மா உடம்பால் இங்கேயும் மனதால் அங்கேயும் இருப்பார். என் அம்மா அப்படித்தான் இரண்டு வருடம் இருந்தார், எனக்கு அது பெரிய வருத்தம். மின்னலைப் போட்ட பிறகுதான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேசுகிற தமிழ் அவருக்குப் பிடிபட்டது, பக்கத்து வீட்டு அக்காவோடு பேச விஷயம் கிடைத்தது. அஸ்ட்ரோ எடுத்தாலும் வானவில், விண்மீன் சானல்களில் வரும், இங்கேயே தயாராகும் நிகழ்ச்சிகளை அவருக்குக் காட்டுங்கள்.

இன்னொன்றும் அம்மாவிடம் சொல்லுங்கள். 1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட் 1 மேலே போனதற்கும், அதே வருடம் அஸ்ட்ரோ தொடங்கியதற்கும் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன். கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைய இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பிறந்து, அங்கே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2024 நவம்பரில் காலமானார். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூருக்கு வந்தால் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் போவீர்கள், மளிகைக்கும் பூவுக்கும். அப்போது அந்தப் பள்ளி இருக்கும் தெருவையும் அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள்.