பாலெங்கே கல்லறை மூடியில் இருப்பவர் விண்வெளி வீரர் இல்லையென்றால் வேறு யார்?

மெக்சிகோவில் உள்ள பழைய மாயா நகரம் பாலெங்கே. அங்குள்ள மன்னர் கல்லறையின் மூடியில் செதுக்கப்பட்டிருப்பவர் விண்வெளி வீரர் என்று சிலர் சொல்வதுண்டு. நீங்கள் அந்தச் சிற்பத்தை ஏதேனும் ஒரு காணொளியில், படுக்கைவாட்டில்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் பார்த்தேன். பத்தாம் வகுப்பில், மாயா மன்னர் ஒருவர் ஏவுகலத்தைச் செலுத்துகிறார் என்று பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசும் வாங்கினேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

பல ஆண்டுகள் கழித்து வேலை நிமித்தமாக மெக்சிகோ நகரத்துக்குச் சென்றபோது, தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் அக்கல்லறையின் மாதிரியைக் கண்டேன். அதன் முன் நின்று, கைப்பேசியில் இருந்த படத்தைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல நிமிர்த்திப் பிடித்தேன். அடியில் பாதாளத்தின் எலும்புத் தாடைகள் வாய் பிளந்திருக்கின்றன. அவற்றின்மேல், 615 முதல் 683 வரை ஆண்ட மன்னர் பக்கால், மக்காச்சோளக் கடவுளின் கோலத்தில் சாய்ந்து கிடக்கிறார். அவருக்கு மேலே சிலுவை வடிவில், பாதாளத்தையும் மண்ணையும் வானத்தையும் இணைப்பதாக மாயா மக்கள் நம்பிய உலக மரம் எழுகிறது. உச்சியில் ஒரு பறவை அமர்ந்திருக்கிறது. மண்ணுக்குள் போன விதை முளைத்தெழுவதுபோல மன்னரும் மீண்டெழுவார் என்ற நம்பிக்கையே அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது.

அதை மரம் என்பதும் ஊகம்தானே என்று சிலர் வாதிடக்கூடும். நான் தொல்லியல் படித்தவன் அல்லன். வேற்றுக் கிரகங்களில் உயிர் இருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பக்காலின் மகன் கான் பாலாம் அதே நகரில் எழுப்பிய சிலுவைக் கோயிலின் கற்பலகையில், இதே மரமும் இதே பறவையும் இருக்கின்றன; அங்கே மரத்தடியில் யாரும் சாய்ந்து கிடக்கவில்லை. அந்த மூடிக்குக் கீழே மன்னரின் உடல் வைக்கப்பட்ட கல்பேழையின் பக்கங்களிலும் பக்காலின் முன்னோர்கள் கனிமரங்களோடு மண்ணிலிருந்து முளைத்து வருகிறார்கள்.

பாலெங்கேயைச் சுற்றி இன்றும் சோல் மொழி பேசும் மாயா மக்கள் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 3.8 மீட்டர் நீளமுள்ள ஒரே கல்லில் மாயாச் சிற்பிகள் செய்த வேலையை வானத்திலிருந்து வந்தவர்களுக்குத் தாரைவார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கட்டடமும் இதையேதான் சொல்கிறது. கல்லறைக்கு மேலே கல்வெட்டுக் கோயில் ஒன்பது அடுக்குகளாக உயர்கிறது; மாயா மக்களின் பாதாளத்துக்கும் ஒன்பது நிலைகள் என்பார்கள். அதன் தரைக்கல்லில் அடைக்கப்பட்டிருந்த துளைகளைக் கவனித்த தொல்லியலாளர் அல்பெர்த்தோ ரூஸ், இடிபாடுகளால் நிரப்பப்பட்டிருந்த படிக்கட்டைப் பல பருவங்கள் தோண்டி, 1952இல் கல்லறையை அடைந்தார். அந்தப் படிக்கட்டை ஒட்டியே, பேழையிலிருந்து மேலே கோயில் தரைவரை ஒரு கற்குழாய் செல்கிறது. இறந்த மன்னரோடு உயிருள்ளவர்கள் தொடர்பு கொள்வதற்கென்று அதைக் கட்டியிருக்கிறார்கள்.