வாசிங் மெசினுக்கு 2 வருட வொரன்ரி, முறைப்பாட்டுக்கு 3 மாதம்தான்

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜனவரி 12ஆம் திகதி, பொங்கல் கழிவு விலையில், யாழ் நகரில் உள்ள ஒரு கடையில் முன்பக்கக் கதவுள்ள வாசிங் மெசின் வாங்கினார். விலை 185,000 ரூபா. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய 100,000 ரூபாவை முற்பணமாகக் கட்டினார். மிச்சம் ஒரு நிதி நிறுவனத்தின் ஊடாக மாதத் தவணை. 11ஆம் நாள் மெசின் தண்ணீரோடு நடுவில் நின்றுவிட்டது, கதவும் திறக்கவில்லை. அன்றிலிருந்து ரெக்னீசியன் 4 தடவை வந்துபோயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சில நாள் ஓடும், பிறகு நின்றுவிடும். கடையில் கேட்டால் கொம்பனியோடு கதைக்கச் சொல்கிறார்கள். கொம்பனியில் கேட்டால் போர்ட், அதாவது மெசினின் மின்சுற்றுப் பலகை, வரவேண்டும் என்கிறார்கள். 72 வயது அம்மா முழங்கால் வலியோடு கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறார். கடை முகாமையாளர் ஆட்களுக்கு முன்னால் மரியாதை இல்லாமல் கதைத்துவிட்டார். கடையைக் கோட்டுக்கு இழுத்து 5 லட்சம் நட்டஈடு வாங்க முடியுமா என்று கேட்கிறார் வாசகி. மெசின் சரிவரும் வரை தவணையைக் கட்டவேண்டாம் என்று கணவர் சொல்கிறாராம். அது சரியா என்றும் கேட்கிறார்.

உங்கள் கடிதம் 4 பக்கம். அதில் 3 பக்கம் முகாமையாளர் கதைத்த விதத்தைப் பற்றியது. வாசிக்க எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் கதைத்த ஒரு சொல்லும் உங்கள் வழக்கைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. அதனால் அதை இதோடு விடுகிறேன். எனக்குத் தேவைப்பட்டது பில்லில் உள்ள திகதி மட்டும்தான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில்தான் உங்கள் விடயம் நிற்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால், விசாரித்துவிட்டு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. உத்தரவாதம் அட்டையில் எழுதியதாகவும் இருக்கலாம், சொல்லாமலே உட்கிடையாக இருப்பதாகவும் இருக்கலாம். கட்டளைக்குப் பணியாவிட்டால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணத்தைப் போல அறவிடலாம். உங்களைப் போன்ற ஒருவருக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும்.

விற்பனை நடந்து என்பதைக் கவனியுங்கள். பழுதான நாளில் இருந்து எண்ணுவதில்லை. ரெக்னீசியன் கடைசியாக வந்துபோன நாளில் இருந்தும் எண்ணுவதில்லை. உங்கள் பில் ஜனவரி 12. நீங்கள் எனக்கு எழுதியது மார்ச் 24, அன்றைக்கே 71 நாள் போய்விட்டது. ஏப்ரல் 11ஐ உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த நாட்களில் சித்திரை வருடப் பிறப்பு. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், யாரைப் பிடிக்கலாம் என்று அந்த வாரத்தில் அலையாமல், இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு பதிந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருக்காதீர்கள். சட்டம் கேட்பது எழுத்து. யாழ் மாவட்டச் செயலகத்தில் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் வரும் இப்படியான விடயங்களில் ஆட்கள் தோற்பது சட்டத்தில் இல்லை, இந்தத் திகதியில்தான். சாவகச்சேரியில் இருந்து ஒரு ஐயா பிரிட்ஜ் விடயமாக வந்தார். ஓய்வுபெற்ற அரச ஊழியர், கோவை அவ்வளவு வடிவாக இருந்தது. பில், வொரன்ரி அட்டை, ஒவ்வொரு அழைப்பின் திகதியும் நேரமும், கொம்பிரசருக்கு 10 வருட உத்தரவாதம் என்று சிவப்பு மையால் அடிக்கோடு. வாங்கி 2 கிழமையில் பழுது. 6 தடவை திருத்தியிருக்கிறார்கள். 7ஆவது தடவையும் குளிராமல் போனபோதுதான் என்னிடம் வந்தார், அது 5ஆவது மாதம். "10 வருடம் இருக்குத்தானே, அவசரப்படுவான் ஏன் என்று இருந்தனான்" என்றார். அந்த 10 வருட உத்தரவாதம் அப்போதும் செல்லுபடியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அமுல்படுத்த அவருக்கு மிஞ்சியது மத்தியஸ்த சபையும் அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றமும்தான். பிரிட்ஜின் விலையையும் வழக்குச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கோவையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைகள் வேண்டுமென்று இழுத்தடிக்கின்றன என்று நான் சொல்லவில்லை. உதிரிப்பாகம் பலவேளை உண்மையாகவே கொழும்பில் இருந்து வரவேண்டியிருக்கிறது. ஆனால் "போர்ட் அடுத்த கிழமை வரும்" என்று நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு கிழமையும் உங்கள் 3 மாதத்தில்தான் கழிகிறது. திருத்த வேலை நடக்கிறது என்பதற்காகக் காலம் நிற்பதில்லை. ஆகவே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இனி, நீங்கள் அனுப்பிய 4 ஜொப் கார்ட் படங்கள், அதாவது ரெக்னீசியன் செய்த வேலையை எழுதிக் கையெழுத்து வாங்கும் அட்டைகள். அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கவலை வந்தது. முதலாவதில் கதவுப் பூட்டு மாற்றப்பட்டதாக எழுதி, கீழே சின்ன ஆங்கில எழுத்தில், வேலை திருப்தியாக முடிந்தது என்று ஒரு வரி. அதற்கு நேரே உங்கள் கையெழுத்து. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கையால் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூட, பாவனையாளருக்கு அறிவுறுத்தப்பட்டது. அதற்குக் கீழேயும் உங்கள் கையெழுத்து. ரெக்னீசியன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு அட்டையை நீட்டியிருப்பார், நீங்கள் வாசலில் நின்றபடி வைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். ஆனால் விசாரணையில் கடையின் பக்கம் முதலில் நீட்டப்போவது அந்த மூன்றாவது அட்டையைத்தான். 2 தடவை திருப்தி என்று சொன்ன பாவனையாளர், பழுதுக்குக் காரணம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், உற்பத்திக் குறை அல்ல. அவர்களின் வாதம் இப்படித்தான் வரும்.

அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதை இங்கே எல்லா வீட்டிலும் காணலாம். அந்தப் படிவு மெசினின் சூடாக்கும் கம்பியைக் காலப்போக்கில் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் மெசின் நின்றது 11ஆம் நாள், அதுவும் கதவுப் பூட்டில். அந்தப் படிவு சேர 11 நாள் போதாது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரி, விற்கத் தகுந்த தரத்தில் அதைக் கொடுக்கவேண்டும் என்கிறது. யாழ்ப்பாணத்தில் கடை வைத்து யாழ்ப்பாண வீடுகளுக்கு மெசின் விற்பவர், இந்தத் தண்ணீரைத் தனக்குத் தெரியாது என்று சொல்வது கடினம். மெசினின் பெயரைச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்கினீர்கள், அதனால் பொறுப்பில்லை என்று ஒரு வாதமும் வரலாம். அந்த வாதம், மெசின் ஒரு விசேட தேவைக்குப் பொருத்தமா என்ற கேள்விக்கு மட்டும்தான் செல்லும். தரம் பற்றிய பொறுப்பு அப்படியே இருக்கும்.

பதில் இருக்கிறது என்பதற்காக அட்டையை அப்படியே விட்டுவிட முடியாது. கடைக்கு இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். 4 தடவையும் அதே பழுது திரும்பி வந்தது, ரெக்னீசியன் வந்ததற்காக மட்டுமே கையெழுத்து வைத்தேன், மெசினை ஏற்றுக்கொள்ளவில்லை என்று 3 வரி போதும். கடைசி வரி முக்கியம். ஒரு பொருளை நியாயமான காலத்துக்கு மேல் மறுப்பு எதுவும் சொல்லாமல் வைத்துப் பாவித்தால், ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டம் கேட்கும் உரிமை மட்டும்தான் மிஞ்சும். அடுத்த தடவை மெசின் நிற்கும்போது, தண்ணீரும் உடுப்பும் உள்ளே இருக்க, கதவு பூட்டியிருக்கும் குறி எரிவதைக் கைத்தொலைபேசியில் எடுத்து வையுங்கள். அடுத்த அட்டையில் கையெழுத்துக்கு மேலே "பழுது தொடர்கிறது" என்று தமிழிலேயே எழுதிவிட்டு வையுங்கள். பக்கத்து ஒழுங்கையில் நல்ல மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரைக் கொண்டு திறப்பிக்க வேண்டாம். முத்திரை உடைந்த மெசினோடு வந்த எந்தக் கட்சிக்காரருக்கும் என்னால் பெரிதாக உதவ முடிந்ததில்லை.

முற்பணப் பற்றுச்சீட்டு தம்பியின் பெயரில் இருப்பது பெரிய பிரச்சினை இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் பொருளைப் பாவிப்பவரும் நுகர்வோர்தான். தவணை ஒப்பந்தத்தையும் முறைப்பாட்டோடு இணைத்துவிடுங்கள்.

தவணை விடயத்தில் உங்கள் கணவர் சொல்வதைக் கேட்காதீர்கள். அவர் கேட்பது நியாயம்தான், ஓடாத மெசினுக்கு ஏன் காசு கட்டவேண்டும்? ஆனால் நீங்கள் கையெழுத்து வைத்த இரண்டு தாளும் இரண்டு வேறு ஆட்களோடு. மெசின் கடையோடு, கடன் நிதி நிறுவனத்தோடு. நிதி நிறுவனம் உங்களுக்கு எந்தப் பழுதான பொருளையும் தரவில்லை என்றுதான் சொல்லும். தவணை தவறினால் தண்ட வட்டி ஏறும், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயர் விழும். நாளைக்கு வீடு திருத்தவோ பிள்ளையின் படிப்புக்கோ வங்கிக்குப் போகும்போதுதான் அது முன்னால் வந்து நிற்கும். 85,000 ரூபாக் கடனில் 2 மாதத் தவணையை விட்டதற்காகப் பிறகு வங்கி வங்கியாக அலைந்த ஒரு ஆசிரியையை எனக்குத் தெரியும். கட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

பேஸ்புக்கில் கடையின் பெயரைப் போட்டு எழுதப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அவதூறு 2002இல் இருந்து இங்கே குற்றம் இல்லை. ஆனால் சிவில் வழக்குப் போடலாம். முறைப்பாடு நடக்கும்போது கடைக்கு அப்படியொரு பிடி கொடுக்கவேண்டாம்.

5 லட்சம் கிடைக்காது. ஒப்பந்த மீறலில் மனவேதனைக்கு எங்கள் நீதிமன்றங்கள் நட்டஈடு கொடுப்பது மிக அரிது. அம்மாவின் முழங்கால் வலியைக் கடையின் கணக்கில் போடவும் முடியாது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். முறைப்பாடு உள்ளே போனதும் கடை கதைக்க வரும். அப்போது மெசினை மாற்றிக் கேளுங்கள். காசைத் திருப்பிக் கேட்டால் நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் கலைக்கவேண்டி வரும், அந்த 3 பேர் கணக்கு மாதக்கணக்கில் இழுபடும். அதே மொடலில் நம்பிக்கை இல்லையென்றால் வேறு மொடல் எடுங்கள். 10,000 ரூபா கூடக் கேட்டால், கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த 10,000 ரூபாவுக்காக நிற்கப்போனால் இன்னும் எத்தனை கிழமை அம்மா கிணற்றடியில் நிற்பார் என்று யோசியுங்கள்.

ஆனால் சமாதானத்திலும் ஆட்கள் விழும் இடங்கள் உண்டு. முறைப்பாட்டை முதலில் வாபஸ் வாங்குங்கள், பிறகு மெசின் அனுப்புகிறோம் என்பார்கள். மெசின் வீட்டுக்கு வந்து 2 கிழமை ஓடும் வரை வாபஸ் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். ஏப்ரல் 11க்கு முன்னர் பேச்சு நல்லபடி போனாலும், முறைப்பாட்டைக் கொடுத்தே ஆகவேண்டும். வருவது கடையில் காட்சிக்கு வைத்த மெசினா என்று பெட்டியின் ஒட்டுநாடாவைப் பாருங்கள். வொரன்ரி புதிய திகதியில் இருந்து தொடங்கவேண்டும், பழைய அட்டையில் பேனையால் வெட்டி எழுதித் தருவதை ஏற்காதீர்கள்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று, தவணை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பழைய மெசினின் தொடர் இலக்கம் எழுதியிருக்கும். மெசின் மாறியதும் கடையின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நிதி நிறுவனத்துக்குப் போய், அந்த இலக்கத்தை மாற்றி, பக்கத்தில் அவர்களின் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாவிட்டால், திரும்பிப் போன மெசினுக்குத்தான் கடைசித் தவணை வரை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.