டப்ளின்–லண்டன் 17 யூரோ டிக்கெட், கடைசில ஏன் 510 யூரோ ஆகுது?

கேள்வி: வணக்கம் சார். நாங்க டப்ளின்ல இருக்கோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க (9 வயசு, 6 வயசு), நாலு பேருக்கும் ஐரிஷ் பாஸ்போர்ட் வந்தாச்சு. எங்க அக்கா லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்காங்க, வருஷத்துக்கு நாலு தடவையாவது வீக்கெண்ட் போயிட்டு வருவோம். போன தடவை ரையன்ஏர்ல ஆளுக்கு 17 யூரோன்னு பார்த்து சந்தோஷமா புக் பண்ண ஆரம்பிச்சேன், கடைசில 360 யூரோ கட்டினேன், ஸ்டான்ஸ்டட்ல இறங்கி ரயிலுக்கு போக வர இன்னொரு 150 கிட்ட போச்சு. நாலு தடவைக்கு 2,000 யூரோவுக்கு மேல ஆகுது, வீட்ல தினம் சண்டை. சீப்பா டிக்கெட் எடுக்கிற வழி சொல்லுங்க. ஆகஸ்ட்ல சென்னைல இருந்து அம்மா வர்றாங்க, அவங்களையும் அக்கா வீட்டுக்கு கூட்டிட்டு போகணும்.

பதில்: வணக்கம்மா. நீங்க டிக்கெட்ல ஏமாறல, 17 யூரோ நிஜமாவே நல்ல ரேட்டுதான். காசு போனது டிக்கெட்டுக்கு வெளியில. மண்டப வாடகை கம்மின்னு அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறம் பாத்திரம், ஜெனரேட்டர், சுத்தம் பண்றதுன்னு தனித்தனியா பில் வாங்குற கதைதான் இதுவும். அதனால எந்த சைட்ல சீப்புன்னு தேடுறதுக்கு முன்னாடி உங்க பில்லையே பிரிச்சுப் பார்த்துடலாம்.

நீங்க அனுப்பின ரசீதுபடி நாலு பேருக்கு போக வர எட்டு டிக்கெட், 17 வீதம் 136 யூரோ. ப்ரையாரிட்டி (ஃப்ளைட்டுக்குள்ள ஒரு பெரிய பையும் கூட கொண்டு போக கட்டுற காசு) எட்டு, 20 வீதம் 160. சீட்டு செலக்‌ஷன் எட்டு, 8 வீதம் 64. ஆக 360. டிக்கெட்டை விட பையும் சீட்டும்தான் அதிகம், இதுதான் உங்க வீட்டு சண்டைக்கு காரணமே.

முதல்ல சீட்டு. ரையன்ஏர்ல 12 வயசுக்குள்ள குழந்தை கூட வந்தா பெரியவங்கள்ல ஒருத்தர் கட்டாயம் சீட்டு வாங்கணும், அப்படி வாங்கினா பக்கத்துல பசங்களுக்கு சீட்டு ஃப்ரீயா குடுக்குறாங்க. அதாவது நீங்க மட்டும் வாங்கினா போதும், பசங்க உங்க கூட உக்காருவாங்க, வீட்டுக்காரர் சிஸ்டம் எங்க போடுதோ அங்க உக்காரட்டும், ஒண்ணேகால் மணி நேர ஃப்ளைட்டு, பிரிஞ்சு உக்காந்தா ஒண்ணும் ஆயிடாது (சண்டைக்கும் நல்லது). 64 இருந்த இடத்துல 16.

அடுத்தது பை. சீட்டுக்கு அடில வைக்கிற 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர் பை ஆளுக்கு ஒண்ணு ஃப்ரீ. வெள்ளிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வர்ற பயணத்துக்கு 6 வயசு பையனுக்கு ப்ரையாரிட்டி எதுக்கு? நாலு சின்ன பை, அது பத்தாம அக்காவுக்கு கொண்டு போற சாமான் இருந்தா குடும்பத்துக்கே ஒரே ஒரு 20 கிலோ செக்-இன் பை, போக வர 60 யூரோன்னு வெச்சுக்கலாம். அந்த 20 கிலோவையும் டிக்கெட் போடும்போதே சேர்த்துடுங்க, பின்னாடி சேர்த்தா ரேட்டு ஏறும், கேட்ல மாட்டினா இன்னும் மோசம், 75 யூரோ வரைக்கும் போகும். பை அளவை தாண்டியிருக்குன்னு கண்டுபிடிக்கிற ஊழியருக்கு அந்த கம்பெனியே போனஸ் குடுக்குது, அதை 2025ல ஏத்தியும் விட்டாங்க, அதனால அங்க போய் கெஞ்சினா நடக்காது. டேப் வெச்சு வீட்லயே அளந்துடுங்க, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து.

இப்போ கணக்கு: 136, 60, 16, ஆக 212. ரயில் 150ஐ சேர்த்தா 362. ஒரு தடவைக்கே கிட்டத்தட்ட 150 யூரோ மிச்சம், டிக்கெட் ரேட்டுல கை வைக்கவே இல்ல.

அடுத்து ரயில். லண்டன்னு போட்டா ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டட், லூட்டன், சிட்டின்னு அஞ்சாறு ஏர்போர்ட் வருது, எல்லாரும் டிக்கெட் ரேட்டை வரிசைப்படுத்தி மேல இருக்கிறதை எடுத்துடுறாங்க, ஆனா போற வீடு எங்க இருக்குன்னு பார்க்குறதே இல்ல. உங்க அக்கா வீடு லண்டனோட மேற்குப் பக்கம் ஹாரோல இருந்தா நான் வேற பதில் சொல்லியிருப்பேன். ஈஸ்ட் ஹாம்னா லண்டன் சிட்டி ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, 474 நம்பர் பஸ் ஏர்போர்ட்ல இருந்து நேரா ஈஸ்ட் ஹாம் வழியா போகுது, பெரியவங்களுக்கு 2 பவுண்டுக்கும் கீழ, கார்டை தட்டினா போதும், 11 வயசுக்குள்ள பசங்களுக்கு ஃப்ரீ. போக வர மொத்த குடும்பத்துக்கும் 8 யூரோவுல முடிஞ்சுடும். டப்ளின்ல இருந்து சிட்டிக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போகுது, அதுல சாதாரண டிக்கெட்லயே ஒரு பெரிய கேபின் பையும் ஒரு சின்ன பையும் அடக்கம், 20 கிலோ பைக்கு தனியா கட்ட வேண்டாம்.

அதனால உங்களுக்கு ஒரே ஒரு நம்பர் குடுக்கறேன், 27 (பை 60, சீட்டு 16, ரயில் 150, அதுல பஸ் 8ஐ கழிச்சு எட்டு டிக்கெட்டுக்கு வகுத்தா வர்றது). சிட்டி டிக்கெட், ஸ்டான்ஸ்டட் டிக்கெட்டை விட ஆளுக்கு ஒரு பக்கம் 27 யூரோ வரைக்கும் கூட இருந்தாலும் மொத்தத்துல சிட்டிதான் லாபம். ஸ்டான்ஸ்டட் 17னா சிட்டி 44க்குள்ள கிடைக்கணும், அது அடிக்கடி கிடைக்காது, உண்மையை சொல்லிடறேன். ஆனா லீவு சமயத்துல ஸ்டான்ஸ்டட்டே 45, 50ன்னு ஏறும்போது சிட்டி 70ல இருந்தா யோசிக்காம சிட்டி. ஸ்டான்ஸ்டட்ல இருந்து ரயிலுக்கு பதிலா ஈஸ்ட் ஹாம் பக்கத்துல இருக்கிற ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு போற பஸ்ஸை முன்கூட்டியே புக் பண்ணி போறவங்களுக்கு இந்த 27, 20 கிட்ட இறங்கிடும். ஒரு விஷயம், சிட்டி ஏர்போர்ட் சனிக்கிழமை மதியம் 12.30க்கு மூடினா ஞாயித்துக்கிழமை மதியம் 12.30க்குத்தான் திறக்கும், அதனால வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புற உங்க பிளானுக்கு சரியா வரும், சனிக்கிழமை ராத்திரி திரும்பணும்னா வராது.

தேடுறதுக்கு கூகுள் ஃப்ளைட்ஸ் போதும். லண்டன்னு பொதுவா போட்டு, போறது தனி வர்றது தனின்னு ரெண்டு ஒன்-வேயா பாருங்க, போகும்போது ஒரு ஏர்லைன் வரும்போது வேற ஏர்லைன்னு கலந்தா நிறைய சமயம் குறையும் (பிரிட்டிஷ் ஏர்வேஸ் மட்டும் ரிட்டர்னா போட்டா சில நேரம் கம்மி, ரெண்டு மாதிரியும் பார்த்துடுங்க). இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது: நாலு பேருன்னு போட்டு தேடும்போது கம்மி ரேட்டுல மூணு சீட்டுதான் மிச்சம் இருந்தா, சிஸ்டம் நாலு பேருக்கும் அடுத்த ரேட்டை போட்டுடும். முதல்ல ஒருத்தருக்கு, அப்புறம் ரெண்டு பேருக்கு தேடிப் பாருங்க, ரேட்டு மாறுச்சுன்னா நீங்களும் பசங்களும் ஒரு புக்கிங், வீட்டுக்காரர் தனி புக்கிங். குழந்தைங்க மட்டும் தனி புக்கிங்ல போயிடாம பார்த்துக்கோங்க. இன்காக்னிட்டோ விண்டோல தேடினா குறையும், செவ்வாய்க்கிழமை நடுராத்திரி தேடினா குறையும்னு சொல்றதையெல்லாம் நம்பி தூக்கத்தை கெடுத்துக்காதீங்க.

தேடுறது எங்க வேணா தேடுங்க, காசு கட்டுறது ஏர்லைன் சைட்லயே கட்டுங்க. நடுவுல ஒரு ஏஜென்ட் சைட் 3 யூரோ கம்மியா காட்டும், அப்புறம் ஃப்ளைட் கேன்சல் ஆனா ரீஃபண்ட் யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம அலையணும். லண்டன்ல இருந்து திரும்புற டிக்கெட்டை தனியா போட்டா ரேட்டு பவுண்டுல இருக்கும், கட்டுற இடத்துல யூரோவுல கட்டுறீங்களான்னு கேட்டு அவங்க ரேட்டை தானா டிக் பண்ணி வெச்சிருப்பாங்க, அதை எடுத்துட்டு பவுண்டுலயே கட்டுங்க, உங்க பேங்க் இல்ல ரெவலூட் ரேட்டு பெரும்பாலும் அதை விட நல்லாத்தான் இருக்கும். ரெவலூட் சாதா பிளான்ல சனி ஞாயிறு 1 சதவீதம் கூட எடுப்பாங்க, வார நாள்ல கட்டிடுங்க.

பேர் விஷயத்துல நம்ம ஆளுங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். பாஸ்போர்ட்ல எது சர்நேம் இடத்துல இருக்கோ அதேதான் டிக்கெட்லயும். இனிஷியல் போட்டுட்டு அப்புறம் பேரை மாத்தணும்னா ரையன்ஏர்ல 100 யூரோவுக்கு மேல போகும், உங்க 17 யூரோ டிக்கெட்டை அஞ்சு தடவை திரும்ப வாங்கிடலாம். அதே மாதிரி வீட்லயே ஆன்லைன் செக்-இன் பண்ணாம ஏர்போர்ட்ல போய் நின்னா ஆளுக்கு 55 யூரோ.

தேதி பத்தி சொல்லணும்னா, மே மாச முதல் திங்கள் அயர்லாந்துலயும் லீவு இங்கிலாந்துலயும் லீவு, அந்த வாரத்தை விட்டுடுங்க. ஆகஸ்ட்ல உங்களுக்கு முதல் திங்கள், அவங்களுக்கு கடைசி திங்கள், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வாரங்களை பாருங்க. அக்டோபர் மிட்-டெர்ம் ஸ்கூல் லீவுக்கும் கிறிஸ்மஸுக்கும் காத்திருந்தா குறையும்னு உக்காந்திருக்க வேண்டாம், லீவு உறுதியான அன்னைக்கே போட்டுடுங்க. திடீர்னு கடைசி நிமிஷத்துல போகணும், டிக்கெட் 150ன்னு நிக்குதுன்னா கப்பலும் ரயிலும் சேர்ந்த டிக்கெட்டை பாருங்க, டப்ளின் போர்ட்ல ஏறி ஹோலிஹெட் வழியா லண்டன் யூஸ்டன், பாதி நாளுக்கு மேல போயிடும், ஆனா ஃப்ளைட் மாதிரி நேரம் நெருங்க நெருங்க ரேட்டு எகிறாது.

ஃப்ளைட் 3 மணி நேரத்துக்கு மேல லேட்டா போய் சேர்ந்து, காரணம் புயல், ஏர் டிராஃபிக் ஸ்ட்ரைக் மாதிரி இல்லாம கம்பெனி பக்கம் இருந்தா டப்ளின்ல இருந்து கிளம்புறதுக்கு ஆளுக்கு 250 யூரோ, டிக்கெட் வாங்கின குழந்தைக்கும் சேர்த்துத்தான். நீங்களே ஏர்லைனுக்கு எழுதுங்க, வாங்கித் தர்றோம்னு வர்ற கம்பெனிங்க ஒரு பங்கை எடுத்துக்கும்.

பட்ஜெட்டுக்கு வர்றேன். தடவைக்கு 362, நாலு தடவைன்னா 1,450 கிட்ட, மாசம் 120 யூரோ. சம்பளம் வந்த அன்னைக்கே தனி கணக்குல அது போயிடட்டும், கிரெடிட் கார்டுல இழுக்காதீங்க. கம்மி ரேட்டு கண்ணுல படும்போது கையில காசு ரெடியா இருக்கணும், அதுதான் விஷயம்.

கடைசியா அம்மா. அவங்க இந்தியன் பாஸ்போர்ட், டப்ளின்ல இருந்து லண்டன் போக விசா வேணும், வழியில யாரும் செக் பண்றதில்லன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஆனா இதுக்கு தனியா யு.கே. விசா எடுத்து காசு கட்டுறதுக்கு முன்னாடி, இந்தியால இருந்து அயர்லாந்து ஷார்ட் ஸ்டே விசாவுக்கு அப்ளை பண்ணும்போது பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்துல வருதான்னு பாருங்க, விசா ஸ்டிக்கர்ல பி.ஐ.வி.எஸ். னு அச்சாகி வந்தா அதே விசால லண்டனும் போகலாம். ஆனா முதல்ல அயர்லாந்துலதான் இறங்கணும், சென்னைல இருந்து வரும்போது லண்டன்ல வெளிய வந்து நாலு நாள் இருந்துட்டு டப்ளின் வர்ற மாதிரி டிக்கெட் போட்டுடாதீங்க. ரையன்ஏர்ல போனா அம்மாவோட பாஸ்போர்ட்டையும் விசாவையும் செக்யூரிட்டிக்கு முன்னாடியே அவங்க கவுண்டர்ல காட்டி செக் பண்ணிக்கணும், அதுக்கு அரை மணி நேரம் கூட வெச்சு கிளம்புங்க. விசா கைக்கு வந்து அந்த எழுத்து இருக்கான்னு பார்த்ததுக்கு அப்புறம் அம்மாவோட லண்டன் டிக்கெட்டை போடுங்க, அது வரைக்கும் ரேட்டு எவ்வளவு கம்மியா தெரிஞ்சாலும் கை வைக்காதீங்க.