பழைய ஹோண்டா சிட்டியைப் பந்தயக் காராக்க முதல் செலவு எதில்?

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. சித்தப்பாவிடமிருந்து வாங்கியது, ஆர்சி 2027 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அமெச்சூர் பந்தயங்களில் ஓட்ட ஆசை. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றம், பெரிய சைலன்சர், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், போல்ட் போட்டு மாட்டும் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் உள்கூண்டு) எல்லாம் சேர்த்து ஒரு பட்டறையில் நான்கு லட்சம் கேட்கிறார்கள். வார நாட்களில் அதே காரில் வேலைக்கும் போகலாம் என்கிறார்கள். நம்பலாமா? – கோவை வாசகர்

பதில்: நம்ப வேண்டாம். பட்டறைக்காரர் சொன்னவற்றில் பாதி உங்களுக்கு இப்போது தேவையில்லை. போட்டியில் இறங்கும்போது தேவைப்படும் ஒன்று ரோல் கேஜ். அதை மாட்டிவிட்டால் அந்தக் காரில் வேலைக்குப் போகக் கூடாது.

காரணம் எளிது. கேஜ் என்பது உங்கள் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓடும் இரும்புக் குழாய். பந்தயத்தில் ஹெல்மெட் இருக்கிறது, தோளையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் இருக்கிறது. கார் உருண்டாலும் தலை குழாயில் மோதி உடையாது. அவிநாசி சாலையில் ஹெல்மெட் இல்லாமல், கம்பெனி கொடுத்த பெல்ட்டோடு போகும்போது பக்கவாட்டில் ஒரு வேன் இடித்தால் உங்கள் மண்டை நேராக அந்தக் குழாயில்தான் போய் மோதும். சாதாரணக் காரில் காயத்தோடு தப்பக்கூடிய விபத்து, கேஜ் உள்ள காரில் உயிரை எடுத்துவிடும். இதை உங்களிடம் சொல்லாமல் மறைத்தவர் வேறு எதைச் சரியாகச் செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து காரை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின் சீட்டைக் கழற்றிக் கூண்டு மாட்டிய கார், ஐந்து பேர் அமரும் கார் என்று ஆர்சியில் இருப்பதோடு பொருந்தாது. இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள்: பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் அது செல்லாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். தடத்தில் நொறுங்கினால் ஒரு ரூபாய்கூட வராது.

ஒரே காரில் தடத்துக்கும் வேலைக்கும் போக ஒரு வழி உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் நல்ல தொடக்கம். போட்டியில் இறங்காமல், கட்டணம் கட்டித் தடத்தில் தனியாக ஓட்டிப் பழகும் நாட்கள் இருக்கின்றன. ஓட்டுபவரை ஓட்டுபவர் முந்தும் போட்டி அங்கே இல்லை. கேஜ் இல்லாத சாதாரணக் காரையும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அதற்கு நல்ல டயர், புதிய பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில் போதும். மாலையில் அதே காரில் வீட்டுக்கு வரலாம், ஆர்சிக்கும் குந்தகமில்லை. ஆனால் ஒரு வேலையை மட்டும் செய்து விடாதீர்கள். கேஜ் இல்லாத காரில், பழைய சீட்டிலேயே, நான்குமுனைப் பந்தய பெல்ட் மாட்டுவது. கார் கவிழ்ந்து கூரை அமுங்கும்போது சாதாரண பெல்ட் உங்களைப் பக்கவாட்டில் சாய விடும். பந்தய பெல்ட் நிமிர்த்திப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூரை கழுத்தின் மேல் இறங்கும். பெல்ட், பந்தய சீட், கேஜ் மூன்றும் ஒன்றாக வர வேண்டும், இல்லையென்றால் மூன்றும் வேண்டாம். ஓர் ஆண்டு இப்படியே செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

பிறகும் ஆசை குறையவில்லை என்றால், காரைத் தொடுவதற்கு முன் விதிப்புத்தகத்தைக் கையில் எடுங்கள். இந்தியாவில் பந்தயங்களுக்கு அனுமதி தருவது எஃப்எம்எஸ்சிஐ என்ற மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று தனித்தனி விதி உண்டு; அந்தந்த ஆண்டின் விதியைத்தான் பார்க்க வேண்டும். ஈசியூவை மாற்றிவிட்டால், எஞ்சின் முழுவதையும் பிரித்துச் செதுக்கிய கார்களோடு ஒரே வகுப்பில் நிற்க நேரலாம். நான்கு லட்சம் செலவழித்துக் கடைசி வரிசையில் நிற்பதற்கு வழி அது. நம் தடங்களில் மாருதி எஸ்டீம் அவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமல்ல. உதிரிபாகம் மலிவு, எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி. உங்கள் சிட்டியின் 106 குதிரைசக்தி கற்றுக்கொள்பவருக்குத் தாராளம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ்களைப் புதிதாகப் போட்டுவிட்டு எஞ்சினை அப்படியே விடுங்கள்.

இனி கேஜ். பன்னாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அளவுப்படி, ஓட்டுநருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் முதன்மை வளையம் 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட, மூட்டில்லாத எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். 50க்கு 2 என்ற அளவும் செல்லும். நம் பட்டறைகள் பலவற்றில் தண்ணீர்க் குழாயை வளைத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்துத் தருகிறார்கள். ஒருமுறை ஒரு நண்பர் வாங்கிய காரின் கேஜில் சிறு துளை போட்டு அளந்தோம். சுவர் 1.6 மில்லிமீட்டர். கூரைக்கும் குழாய்க்கும் இடையே விரல் நுழையாத இடத்தில் சிறிய கண்ணாடியை நீட்டிப் பார்த்தால், கீழ்ப் பாதியில் மட்டும் வெல்டிங். மேல் பாதி வெறும் விளிம்பு. வெல்டிங் குழாயைச் சுற்றி முழுவதும் இருக்க வேண்டும் என்பது விதி. நேர்மையான தொழிலாளி காரின் தரையில் துளை வெட்டிக் கேஜைக் கீழே இறக்கி, மேல் பக்கத்தைப் பற்றவைத்து, மறுபடி தூக்கி, அதன்பின் கால்களுக்குத் தகடு வைப்பார். இதற்கு இரண்டு நாள் கூடுதலாகும். அந்த இரண்டு நாள் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

போல்ட் போட்டு மாட்டும் கேஜ் தவறென்று சொல்லவில்லை. ஒவ்வொரு காலுக்கும் தரையின் மறுபக்கத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு வேண்டும்; குறைந்தது மூன்று எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்கள், 8.8 என்ற வலிமைத் தரத்தில். வெறும் வாஷர் வைத்து முறுக்கினால், கார் உருளும்போது கால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும்.

சீட்டையும் பெல்ட்டையும் இணையத்தில் மலிவாகப் பார்த்து வாங்காதீர்கள். எஃப்ஐஏ லேபிளையே போலியாக அச்சடித்துத் தைத்து விற்கும் கும்பல் இருக்கிறது. அசல் பொருளுக்கும் காலாவதி உண்டு: 8855-1999 என்ற எஃப்ஐஏ தரத்தில் வரும் சீட்டுக்கு ஐந்து ஆண்டு. பைக் ஹெல்மெட்டும் கூடாது. தீயைத் தாங்கும் உள்துணி அதில் இல்லை. இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. உயிர்காக்கும் பொருளுக்கும் ஆடம்பரப் பொருளைப் போலச் சுங்க வரி வசூலித்துவிட்டு, பிள்ளைகள் போலியை வாங்குகிறார்கள் என்று குறை சொல்லிப் பயனில்லை.

பிரேக்கைப் பற்றி ஒன்று. புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் 3.7 கிலோமீட்டரை நான்கு சுற்று விரட்டினால் பழைய ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும். ஆயிலை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை.

கடைசியாக ஆர்சி. முழுப் பந்தயக் காராக்கிய பின் பதிவை என்ன செய்வது? 55ஆம் பிரிவு, கார் அழிந்துவிட்டால் அல்லது நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. பந்தயக் கார் அழியவும் இல்லை, பயன்படாமல் போகவும் இல்லை. ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நண்பருக்காக இதைக் கேட்டபோது, "எரிந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். ஓடுகிற காரை எரிந்ததாக எழுதச் சொல்வதா? சாலைக்கு வராத வண்டி என்று ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்க இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஓட்டைக்குள்தான் தரகர்கள் நுழைகிறார்கள். "ஆர்சியைக் கொடுங்கள், நான் ரத்து செய்து தருகிறேன்" என்பார்கள். கொடுத்தால், உங்கள் சேசிஸ் எண் திருட்டுக் கார் ஒன்றில் ஏறி வேறு மாநிலத்தில் ஓடும். போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அசல் ஆர்சியை எவரிடமும் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். காரைத் தடத்துக்கு லாரியில் ஏற்றிக் கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெயர் மாற்றமும் பழைய வங்கிக் கடன் நீக்கமும் ஆர்சியில் ஏறிவிட்டனவா என்றும் பாருங்கள். சித்தப்பா கார் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போதைக்கு அந்தப் பட்டறைக்குப் போய், கேஜுக்குப் போடப்போகும் குழாயில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். வெர்னியரில் சுவரை அளந்து பாருங்கள். தரமாட்டேன் என்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.